மூன்று கவனக்குறைவுகள்

சேலத்தில் ரப்பர் ஸ்டாம்பு செய்பவரிடம் அந்த வார்த்தையை எழுதிக் கொடுத்தது நான்தான். எஸ்டேட் பெயர் போட்ட ஸ்டாம்பு ஒன்று, 'நகல்' என்று ஒன்று, கூடவே 'கவனக்குறைவு' என்று ஒன்று. கடைக்காரர் சீட்டை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "இதுக்குக்கூடவா ஸ்டாம்பு வெச்சுக்குவாங்க?" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. ஒரே வார்த்தையை எத்தனை தரம் கையால் எழுதுவது? கை வலிப்பது அவருக்கா எனக்கா?

எழுபதுகளின் கடைசி அது. வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. ஏற்காட்டில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, சேலத்துக்குப் போய் டைப்பிங் கற்று, இருபத்திரண்டு வயதில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எஸ்டேட் குவார்ட்டர்ஸில் அம்மாவும் நானும் மட்டும். நான் கோடு போட்டால் நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

எஸ்டேட்டில் ஆறு லாரிகள் ஓடின. மலைரோட்டில் லாரி என்றால் உரசலும் இடியும் இல்லாமல் இருக்காது. புதிதாக வந்த மேனேஜர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். டிரைவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ஒரு பெரிய நோட்டு. எந்த வண்டி எங்கே எப்போது இடித்தது, என்ன சேதம், என்ன காரணம் என்று அதில் ஏற வேண்டும். இரண்டு வருடத்துக்குள் மூன்று தரம் ஒருவர் பெயரில் குற்றம் ஏறினால் அவர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. மேனேஜர் கெட்டவர் அல்ல. அதற்கு முன்னால் யாருக்கு யார் வேண்டியவர் என்று பார்த்துத்தான் தண்டனையே நடக்கும். நோட்டு வந்தால் எல்லோருக்கும் ஒரே நியாயம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். நானும் நம்பினேன்.

"கட்டம் போட்டுக் குடும்மா" என்றார். ஸ்கேலை வைத்துப் போட்டேன். தேதி, வண்டி நம்பர், இடம், சேதம், காரணம், கையெழுத்து. மணி எத்தனை என்று எழுத ஒரு கட்டம் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மழையா, மூடுபனியா, ரோட்டில் என்ன கிடந்தது என்பதற்கும் கட்டம் இல்லை. காரணத்தை எப்படி எழுதினோம் என்றால், வண்டியை மெக்கானிக் பார்ப்பார். வண்டியில் கோளாறு என்றால் கோளாறு. கோளாறு இல்லை என்றால் மிச்சம் இருப்பது டிரைவர். மூன்றாவதாக ஒன்று இருக்க முடியும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் ஸ்டாம்பு.

அந்த ஆறு டிரைவர்களில் மூத்தவர் மாரமங்கலத்துக்காரர். மலைவிவசாயக் குடும்பம். நாற்பத்தைந்து வயதிருக்கும். பேச்சு குறைவு. மலைரோட்டில் அவர் லாரி ஓட்டினால் பின்னால் இருக்கும் தண்ணீர்க் குடம் தளும்பாது என்று மற்ற டிரைவர்களே சொல்வார்கள். காப்பி அறுவடைக் காலத்தில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு காலை ஆறு மணிக்குச் சேலத்துக்குக் கிளம்பும் முதல் லாரி எப்போதும் அவருடையது. மார்கழி, தை மாதங்களில் ஆறு மணிக்கு எங்கள் ரோட்டில் முன்னால் போகும் மாட்டின் வால்கூடத் தெரியாது. அந்த நேரத்தில் வண்டி எடுக்க மற்றவர்கள் பயந்தார்கள். கைதேர்ந்தவர் என்பதால் அது அவர் தலையில் விழுந்தது.

அப்படியிருக்க, நோட்டில் முதல் குற்றம் ஏறியது அவர் பக்கத்தில்தான். எஸ்டேட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கும் வழியில், நெல்லிமரத்து வளைவு என்று நாங்கள் சொல்லும் திருப்பத்தில், லாரி வழுக்கிக்கொண்டு போய் மண்மேட்டில் முட்டியது. பம்பர் நெளிந்ததோடு சரி. மேனேஜர் தன் டிபனை முடித்துக்கொண்டு பத்து மணிக்கு ஜீப்பில் போய்ப் பார்த்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ரோடு காய்ந்து, பெருக்கிவிட்ட வாசல் மாதிரி இருந்ததாம்.

"என்னமோ எண்ணெ மேல போன மாதிரி இருந்துச்சுங்க தொரை" என்றார் டிரைவர்.

எண்ணெய் ஒழுகுகிறதா என்று மெக்கானிக் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

"ரோடு ஈரமா இருந்துச்சா?"

"ஈரமாத்தாங்க இருந்துச்சு."

"பனிக்காலத்துல ஈரமா இல்லாம எப்படிப்பா இருக்கும்? அது தெரிஞ்சுதானே ஓட்டணும்?"

நான் ஸ்டாம்பை வைத்தேன். அவர் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். எழுதி முடிக்கும்வரை எனக்குப் பொறுமை இல்லை.

அடுத்த அறுவடையில் அதே வளைவில் இரண்டாவது தரம். அந்தத் தரம் விளக்கு ஒன்று உடைந்தது. பொங்கல் கழிந்து பத்து நாளுக்குள் மூன்றாவதும் வந்துவிட்டது. லாரி பக்கவாட்டில் போய்ச் சில்வர் ஓக் மரத்தில் மோதியது. முன்சீட்டில், சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று தொற்றிக்கொண்டு வந்த, பழம் பறிக்கும் பெண் ஒருவருக்கு முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது.

அன்று அவர் ஆபீசுக்கு வந்து நின்றது நன்றாக நினைவிருக்கிறது. சட்டையில் அந்தப் பெண்ணைத் தூக்கி வந்த அழுக்கு. மேனேஜர் உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் நோட்டைத் திறந்து வைத்திருந்தேன்.

"ஏனுங்க அம்மிணி, நான் நொம்ப கவனமாத்தான் வந்தேனுங்க" என்றார்.

"கவனமா வந்தா ஒரே எடத்துல மூணு தடவை எப்படிங்க போய் இடிப்பீங்க? மத்தவங்க அஞ்சு பேரும் அதே ரோட்டுலதானே வர்றாங்க?"

வக்கீல் மாதிரி கேட்டேன். எவ்வளவு நல்ல கேள்வி என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. மற்ற ஐந்து பேரும் எட்டு மணிக்கு மேல்தான் அந்த வளைவுக்கு வருகிறார்கள் என்பது அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. அவர் என் மேசையைப் பார்த்தபடி, "அதாங்க எனக்கும் தெரியில" என்றார். மூன்றாவது ஸ்டாம்பும் விழுந்தது. அவரை நர்சரிக்கு அனுப்பினார்கள். காப்பி நாற்றுக்கு மண் ரொப்பிப் பாக்கெட் கட்டுகிற வேலை. பெரும்பாலும் பெண்கள் செய்வது. ஆபீஸ் ஜன்னலிலிருந்து நர்சரிப் பந்தல் தெரியும். அவர் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பல்பர் கொட்டகை என்று ஒன்று உண்டு. பறித்த காப்பிப் பழத்தை அங்கேதான் மெஷினில் போட்டுத் தோல் உரிப்பார்கள். உரித்த கொட்டையைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு பசை இருக்கும். அது கழல்வதற்காகத் தொட்டியில் போட்டுப் புளிக்கவைத்து, புளித்ததும் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரைத் திறந்து விட்டுவிடுவார்கள். குளிர் கூடினால் புளிக்க நேரம் கூடும். அதனால் இந்தக் கிழமைதான் அலசுவது என்று கணக்குக் கிடையாது. எத்தனை தொட்டி, எப்போது அலசியது என்று கொட்டகை மேஸ்திரி ஒரு சீட்டில் எழுதி அனுப்புவார். வாரத்துக்கு ஒரு தரம் அதை நான் டைப் அடித்துவிட்டு, சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைப்பேன்.

மூன்றாவது வருட அறுவடையில் முதல் லாரியை வேறொரு டிரைவர் எடுத்தார். முப்பது வயது, சூதானமான ஆள். டிசம்பர் பிறந்து சில நாளில் அவரும் நெல்லிமரத்து வளைவில் வழுக்கினார். லாரியின் ஒரு சக்கரம் ரோட்டைவிட்டு வெளியே தொங்கியது. உயிர் போகவில்லை, அவ்வளவுதான். அவர் பக்கத்தைப் பிரித்து, ஸ்டாம்பை மைப்பெட்டியில் ஒற்றிவிட்டேன். டைப்ரைட்டரில் பாதி அடித்த தாள் இருந்தது. பக்கத்தில் மேஸ்திரியின் சீட்டு. அதில் அன்றைய தேதி. 'விடியால அஞ்சு மணி, ரெண்டு தொட்டி அலசி விட்டது.'

இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. ஸ்டாம்பைப் பக்கத்தில் குத்தாமல் கீழே வைத்துவிட்டேன். கம்பியிலிருந்து பழைய சீட்டுகளை எல்லாம் உருவினேன். மூத்த டிரைவரின் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு தேதி தேதியாகப் பார்த்தேன். முதல் தரம் இடித்த நாள், தொட்டி அலசிய நாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. இரண்டு வருடமாக இரண்டு காகிதங்களும் என் ஒரே மேசையில், ஒன்றுக்கொன்று ஒரு முழத் தூரத்தில் இருந்திருக்கின்றன. ஒன்று என் கையால் டைப் ஆனது, மற்றது என் கையால் எழுதியது.

ஆனால் முழுக்க ஒட்டவில்லை. தொட்டி அலசியும் லாரி வழுக்காத நாட்கள் நிறைய இருந்தன. சில நாள் ஞாயிற்றுக்கிழமை, லாரி கிடையாது. சில நாள் லாரி தாமதமாகக் கிளம்பியிருந்தது. அதையெல்லாம் கழித்தும் இருபது நாளுக்கு மேல் மிச்சம் இருந்தது. அந்த நாட்களில் என்ன நடந்தது? யோசித்து யோசித்து ஒன்றுதான் கிடைத்தது. அத்தனை நாளும் அவர் எப்படியோ சமாளித்து வளைவைக் கடந்திருக்கிறார். தப்பித்துக் கொண்டுபோன நாளை எழுத என் நோட்டில் இடமில்லை.

அடுத்து எப்போது அலசுவார்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். அன்று விடியலில் அம்மாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு டார்ச்சோடு வளைவுக்கு நடந்தேன். ஒன்றும் தெரியவில்லை. மரத்திலிருந்து பனி சொட்டுகிற சத்தம் மட்டும். புளித்த வாடை இருந்தது, ஆனால் அந்த மாதங்களில் மலை முழுக்கவே அந்த வாடைதான். வளைவின் நடுவில் கால் வைத்ததும் இரண்டு காலும் ஒன்றாகப் போய்விட்டன. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து உள்ளங்கையை டார்ச்சில் பார்த்தேன். வெண்டைக்காய் நறுக்கிய கை மாதிரி இழுபட்டது. மேலே கொட்டகையிலிருந்து வரும் கால்வாய் ரோட்டுக்கு அடியில் போகவேண்டியது. சில்வர் ஓக் இலை அடைத்துக்கொண்டு, தண்ணீர் ரோட்டின் மேலேயே பரவி ஓடிக்கொண்டிருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு லாரி வருகிற நேரம் என்று நினைவு வந்து, எழுந்து டார்ச்சை ஆட்டிக்கொண்டு மேலே ஓடினேன்.

லாரியை நிறுத்திய டிரைவர், "ஏனுங்க அம்மிணி, இந்நேரத்துல இங்க என்ன பண்றீங்க?" என்று இறங்கி வந்தார். அவரும் வளைவில் நாலு அடி நடந்ததும் வழுக்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஏழரை மணிக்கு மறுபடி வந்து பார்த்தேன். மேலிருந்து வந்த நல்ல தண்ணீர் பசையைக் கழுவிக்கொண்டு போயிருந்தது. பத்து மணிக்கு மேனேஜர் வந்திருந்தால் பெருக்கிவிட்ட வாசலைத்தான் பார்த்திருப்பார்.

மேஸ்திரியைப் போய்ப் பிடித்தேன். "ஏனுங்க, எதுக்கு விடியறதுக்கு முன்னாலயே அலசி விடறீங்க?"

அவருக்கு நான் கேட்பதே விளங்கவில்லை. "கீழ ஓடையில ஆறரைக்குப் பொம்பளைங்க தண்ணி மொள்ள வருவாங்கல்லங்க. விடிஞ்சு விட்டா அவங்க கொடத்துல இந்தச் சாக்கடையல்ல போயி விழும்? மிந்தி அப்படித்தான் ஆச்சு. கொழந்தைங்களுக்கெல்லாம் வாந்தி. அதுலயிருந்து அஞ்சு மணிக்கே விட்டுப்போடறதுங்க. அவங்க வர்றதுக்குள்ள தண்ணி தெளிஞ்சுரும்."

அதை நல்ல காரியம் என்றுதான் அவர் செய்துகொண்டிருந்தார். நல்ல காரியமும்தான். நான் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் கோபமெல்லாம் என்மேல்தான் வந்து நின்றது.

இரண்டு கட்டுக் காகிதங்களையும் மேனேஜர் மேசையில் வைத்தேன். அவர் ஒரு மணி நேரம் புரட்டினார். அடுத்த தரம் தொட்டி அலசிய விடியலில் அவரே ஜீப்பில் வந்து இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டபடியே வழுக்கினார். திரும்பி வரும்போது, "ஓடைக்கு வர்றவங்க கொடத்தைப் பார்த்தோம், இவர் சக்கரத்தைப் பார்க்கலையேம்மா" என்று மட்டும் சொன்னார். ஒரு வாரத்தில் கால்வாயைத் தோண்டிப் பெரிய குழாய் பதித்தார்கள். நோட்டில் மூன்று இடத்திலும் ஸ்டாம்பு விழுந்த வார்த்தையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, 'ரோட்டின் மேல் காப்பி அலசிய தண்ணீர்' என்று என் கையாலேயே எழுதினேன். மேனேஜர் மூன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "அவரை வரச் சொல்லும்மா. வண்டியை அவருக்கே குடுத்துரலாம்" என்றார். நர்சரிக்கு நானே ஓடினேன். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமாக அந்த மலையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார். நோட்டைப் படித்துக் காட்டினேன்.

"மூணு தடவையுமுங்களா?"

"மூணு தடவையும். உங்க மேல ஒண்ணுமே தப்பில்லைங்க."

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை. மேனேஜர் சாவியைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு லாரிக்குப் போனார். நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. லாரி நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி, மேனேஜரைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க. என்னால ஆகாதுங்க."

"ஏனுங்க? அதான் எல்லாம் மாத்தி எழுதியாச்சே?"

"மொத தடவ நீங்க அப்படி எழுதுனப்ப எனக்குக் கோவம் வந்துச்சுங்க. ரெண்டாந் தடவ ரோசனையாப் போச்சு. மூணாவது தடவைக்கப்பறம் நெசமுன்னே ஆயிப்போச்சுங்க. படிச்சவங்க, ஒரு தடவைக்கு மூணு தடவ எழுதறாங்கன்னா சும்மாவா எழுதுவாங்க? நர்சரியில உக்காந்துக்கிட்டு எங்க கவனம் தப்புச்சுன்னு தெனமும் தேடுவேனுங்க. தேடுனா கெடைக்காமயா போகும்? மொத நாளு மவளுக்குக் காச்சலு, அந்த நெனப்புலயே வந்துட்டேன். அடுத்ததுக்குப் பிரேக்குல சித்த முன்னாலயே கால வெச்சுட்டேன். இப்படி ஒண்ணொண்ணுக்கும் ஒண்ணு இருக்குதுங்க. அந்தம்மா ஊட்டுக்கே போயி, உங்க கைய நாந்தான் ஒடச்சேன்னு ஒத்துக்கிட்டு வந்தேனுங்க. இப்ப அதெல்லாம் இல்லேங்கறீங்க. இனி என் கண்ணையுங் காலையும் நம்பி எப்படிங்க வண்டி எடுக்கறது?"

பத்து நாள் பழகினால் சரியாகிவிடும் என்றார் மேனேஜர். டிரைவர் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு நர்சரிக்கு நடந்தார். அதற்கப்புறம் அவர் எந்த வண்டியையும் ஓட்டவில்லை. மாரமங்கலத்திலிருந்து வரும் பஸ்ஸில்கூட டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் உட்கார மாட்டார் என்று அவர் ஊர்க்காரர்கள் சொன்னார்கள்.

தை மாதக் கடைசியில், அவரை நர்சரிக்கே நிரந்தரமாக மாற்றுகிற கடிதத்தை டைப் அடிக்கச் சொன்னார்கள். என்ன காரணம் போடுவது என்று கேட்டேன். 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று போடச் சொன்னார் மேனேஜர். வேறு என்ன போடுவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அடித்து நர்சரிக்குக் கொண்டுபோய் டிரைவரிடம் படித்துக் காட்டினேன். அவர் குனிந்து கையெழுத்தைப் போட்டு முடித்தார். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல், அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இதாவது நெசமுங்களா அம்மிணி?"

கேலி இல்லை, குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.